வண்டி கட்டிப் போன நூலகம், பூட்டு போட்ட நூலகம்

டெல்டாவில் ஒரு கிளை நூலகம் காலையில் கதவைத் திறக்கும்போது வாசலில் இரண்டு வகை ஆட்கள் நிற்பார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவர்கள், மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பெரியவர்கள் ஒரு பக்கம். இவர்களுக்குத் தினசரி வேண்டும். குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று ஏதோ ஒன்றுக்குப் படிக்கிற இளைஞர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி வேண்டும். புத்தகம் இரவல் வாங்க வருகிறவர்கள் அதற்கப்புறம்தான், பெரும்பாலும் மாலையில்.

நூலகம் என்றால் புத்தக அலமாரி என்று மட்டும் நினைத்துக்கொண்டு கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்த்தால், பெரிதாக எதுவும் குறைந்ததாகத் தெரியாது. சில மாதம் நாவல் கிடைக்காவிட்டால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் வாசலில் நின்ற அந்த இரண்டு வகையினரும் இழந்தது வேறு. ஒருவருக்கு நம்பிப் படிக்கக்கூடிய செய்தி போனது. மற்றவருக்கு உட்கார்ந்து படிக்கிற இடம் போனது. இரண்டுமே மற்ற நாட்களைவிட அந்த மாதங்களில் அதிகம் தேவைப்பட்டவை.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடு தழுவிய ஊரடங்கு. நூலகங்கள் திரும்பத் திறந்தது செப்டம்பர் 1 அன்று. மாவட்டத்துக்குள் பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியதும், பெரிய கோயில்கள் திறந்ததும், மாநிலத்துக்குள் போய்வர இ-பாஸ் வேண்டாம் என்றானதும் அதே நாளில்தான். டாஸ்மாக் மே 7 அன்றே திறந்தது, நீதிமன்ற உத்தரவால் மூடியது, சில நாட்களில் மறுபடி திறந்தது. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நூலகத்தை மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. பத்துக்குப் பதினாறு அறையில், ஜன்னலை மறைத்து அலமாரி நிற்கும் இடத்தில், இருபது பேரை முழுநாளும் உட்கார வைத்திருந்தால் அது விபரீதமாகத்தான் முடிந்திருக்கும். கட்டடத்தைப் பூட்டும்போது அந்தக் கட்டடத்துக்குள் நடந்துகொண்டிருந்த வேலைகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அந்த வேலைகளில் பாதிக்குக் கட்டடமே தேவையில்லை. இதை மற்ற ஊர்க்காரர்கள் மறந்தால் மன்னிக்கலாம். டெல்டாக்காரர்கள் மறக்கக்கூடாது.

காரணம் இருக்கிறது. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டிக்குள் புத்தகங்கள். பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் உருவான நடமாடும் நூலகம் அது. தொடங்கி வைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த அவர், நூலக இயலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் உயிரி. உலகம் முழுக்க நூலகப் படிப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் விதிகள் இவை. ஐந்தில் எதிலும் கட்டடம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூல், வாசகர், நேரம், வளர்ச்சி. அவ்வளவுதான்.

அந்த வண்டி ஏன் தேவைப்பட்டது? வெண்ணாறும் பாமணியாறும் வாய்க்கால்களும் குறுக்கே ஓடும் அந்தப் பகுதியில் கிராமத்து விவசாயி புத்தகம் தேடி நகரத்துக்கு வரமாட்டார். அதனால் புத்தகம் போனது. 2020இல் நிலைமை அதேதான், காரணம் மட்டும் வேறு. வாசகர் வெளியே வர முடியாது. தொண்ணூறு வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் விடை கண்டுபிடித்த ஒரு கேள்விக்கு நாம் பூட்டையே பதிலாகக் கொடுத்தோம்.

இன்னொரு தற்செயலையும் சொல்ல வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அரச குடும்பத்தின் சொத்தாக இருந்த நிலை மாறிப் பொது நூலகம் ஆனது 1918இல். இன்ஃபுளூயன்சா காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதாகக் கணக்கிடப்படும் காலமும் அதே 1918தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் ஊர் சாவில் கிடந்த வருடத்தில் ஒரு நூலகம் பொதுமக்களுக்கு உரியதானது என்பது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

சரி, இப்போதைய ஏற்பாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பொது நூலகங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது, பின்னணியில் அரங்கநாதனின் பல வருட வற்புறுத்தல் இருந்தது. சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அதன் கீழே மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று படிப்படியாக இறங்கிவரும். பணம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் கட்டும் சொத்து வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. வரி ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது, நூலகம் யாருடைய தயவும் அல்ல, வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதற்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். கெட்டது, வரி எங்கே அதிகம் வசூலாகிறதோ அங்கேதான் நூலக நிதியும் சேரும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கடைவீதிக் கட்டடங்கள் வரி கட்டும். கோட்டூர் பக்கத்திலோ தலைஞாயிறு பக்கத்திலோ ஓட்டு வீடும் கூரை வீடும் எவ்வளவு கட்டிவிடும்? வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்கு உரிய நேரத்தில் செலுத்துவதில்லை என்பது பழைய புகார். தொற்று மாதிரி ஒரு நெருக்கடி வந்து வரி வசூலே தள்ளிப்போனால், நூலகத்துக்கு அதிகம் செலவு செய்ய வேண்டிய நேரத்தில் அதன் வருமானம் குறையும். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்குக் கடைசியில் போய்ச் சேர்வது போலத்தான் இதுவும். தலைமடையில் தாராளம், கடைமடையில் காத்திருப்பு.

பெருந்தொற்றில் ஒரு ஊர் நூலகம் செய்யக்கூடிய வேலைகளில் முதலாவது, செய்தி. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஓடியதும், கோழி, முட்டை விலை தரைக்கு வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்புறம் செய்தித்தாள் வழியாகவே கிருமி பரவும் என்று ஒரு புரளி. அதை நம்பிப் பல வீடுகளில் பேப்பரையே நிறுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், வதந்தியைச் சரிபார்க்க உதவும் ஒரே பொருளை அந்த வதந்தியே வீட்டைவிட்டுத் துரத்தியது. நூலகத்தில் பேப்பர் படித்துவந்தவருக்கோ துரத்தக்கூட எதுவும் இல்லை, நூலகமே மூடிவிட்டது. மிஞ்சியது பேரன் கையிலிருக்கும் ஃபோன்.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாவது நாளில் மாரடைப்பால் இறந்தார். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள், பின்னால் விசாரித்த குழுவும் அதையே சொன்னது. ஆனால் மக்கள் மனதில் பதிந்த பயம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த மாதிரி சமயத்தில் கிராமத்தில் யார் பேச்சு எடுபடும்? மருத்துவமனைச் சுவரொட்டிக்கு ஓரளவுக்குத்தான் மதிப்பு. நூலகர் பேச்சு கொஞ்சம் கூடுதலாக எடுபடும், ஏனென்றால் அவர் எதையும் விற்கவில்லை, எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்கவில்லை, பல வருடமாக எல்லாக் கட்சிப் பத்திரிகையையும் ஒரே மேசையில் போட்டுவைத்தவர் அவர்தான். பூட்டிய நூலகத்தின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை போதும். இன்றைய மாவட்டத் தொற்று எண்ணிக்கை, தடுப்பூசி முகாம் எங்கே, எந்த வதந்தி பொய், ரேஷன் டோக்கன் எந்தத் தெருவுக்கு எந்த நாள். தினம் காலையில் நான்கு வரி. செலவு ஒரு சாக்பீஸ்.

இரண்டாவது வேலை, படிவம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கொரோனா காலம் நம் கிராமங்களுக்கு வந்ததே பாதி படிவமாகத்தான். சாவுக்குப் போக இ-பாஸ், கல்யாணத்துக்கு இ-பாஸ், கும்பகோணத்திலிருந்து வேறு மாவட்டத்து மருத்துவமனைக்குப் போக இ-பாஸ். எல்லாம் இணையத்தில். 2021இல் தடுப்பூசிக்குக் கோவின் தளம். ஓ.டி.பி. வர ஒரு எண் வேண்டும், எழுத்தைப் படிக்க ஒரு கண் வேண்டும். மாநில மொழிகளை அந்தத் தளத்தில் சேர்க்க ஆரம்பித்தபோது தமிழ் முதலில் இல்லாமல் போய், சத்தம் கிளம்பிய பிறகு ஜூனில்தான் சேர்ந்தது. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு வந்தது. இதற்கெல்லாம் இறப்புச் சான்றிதழ் வேண்டும், பரிசோதனை முடிவு வேண்டும், இணையத்தில் விண்ணப்பம் வேண்டும், சான்றிதழில் பெயரின் தலைப்பெழுத்து ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும்.

கணவனை இழந்த ஒரு விவசாயக் கூலிப் பெண், துக்கத்துக்கு நடுவில், இதையெல்லாம் எங்கே போய்ச் செய்வார்? இ-சேவை மையம் இருக்கிறது, ஆனால் அங்கே கூட்டம், அவசரம், கட்டணம். தனியார் கணினிக் கடையில் ஒரு படிவத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். "சார், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று தாளோடு போய் நிற்கும் இடமாக நூலகம் எப்போதுமே இருந்திருக்கிறது. வங்கிச் சீட்டை நிரப்பிக் கொடுத்த நூலகர்களைப் பார்த்திருக்கிறோம். அரங்கநாதன் சொன்ன ‘வாசகரின் நேரத்தைக் காப்பாற்று’ என்ற விதியை அட்டவணைப் பெட்டிக்கும் வகைப்பாட்டு எண்ணுக்கும் மட்டும் உரியதாக நூலக வகுப்புகளில் நடத்துவார்கள். கூலி நாளை இழந்து தாலுகா ஆபீஸுக்கு மூன்று தடவை நடப்பவரின் நேரமும் வாசகரின் நேரம்தான்.

மூன்றாவது, இடம். டெல்டாவின் வீட்டமைப்பை நினைத்துப் பாருங்கள். நகரத்து அக்ரகாரத்தின் நீள வீடோ மிராசுதாரின் முற்ற வீடோ இங்கே பேச்சில்லை. தெற்குத் தெருவில் ஒரே அறையும் ஒரு திண்ணையும் உள்ள தொகுப்பு வீடு, பகலில் தகிக்கும் தளம், திருப்பூரிலிருந்து வேலை போய்த் திரும்பிவந்த அண்ணன், தொலைக்காட்சி, கைக்குழந்தை. அங்கே உட்கார்ந்து ஒரு பெண் தேர்வுக்குப் படிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் நடக்க வேண்டிய குரூப் 1 முதல்நிலைத் தேர்வு 2021 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2020இலும் 2021இலும் குரூப் 4 தேர்வே நடக்கவில்லை, 2022 ஜூலையில்தான் நடந்தது. தேர்வு தள்ளிப்போவது படிக்க இடமுள்ளவருக்குக் கூடுதல் அவகாசம். இடமில்லாதவருக்கு அது வெறும் காத்திருப்பு, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் காலம்.

சின்னக் குழந்தைகள் நிலைமை இன்னும் மோசம். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதாவது ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பள்ளிக்கூடம் கிடையாது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, நல்ல முயற்சிதான். ஆனால் வீட்டில் ஒரே ஃபோன், அது அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். 2020 ஜூன் 12 அன்று, எட்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, வழக்கமான தேதியில் மேட்டூர் அணை குறுவைக்குத் திறந்தது. விவசாயத்துக்கு ஊரடங்கு இல்லை. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அதே சந்தோஷத்தில் பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் கூடப் போவது எவ்வளவு இயல்பாக நடந்துவிடும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போன பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வருமா என்பது, இடையில் அதன் கையில் ஏதாவது எழுத்து பட்டதா என்பதையும் பொறுத்தது. வாரத்துக்கு இரண்டு படக்கதைப் புத்தகம் வீட்டு வாசலுக்கு வந்திருந்தால் கணக்குப் பாடம் வந்திருக்காது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பழக்கமாவது விட்டுப்போகாமல் இருந்திருக்கும்.

இங்கேதான் அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி வருகிறது. பல கை மாறும் புத்தகத்தில் கிருமி ஒட்டியிருக்காதா?

நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் வந்த முதல் ஆய்வக முடிவுகளின்படி அட்டைப் பரப்பில் ஒரு நாள் வரைக்கும், பிளாஸ்டிக்கில் மூன்று நாள் வரைக்கும் உயிர்ப்புள்ள கிருமி கண்டறியப்பட்டது. அதை வைத்து உலகெங்கும் நூலகங்கள் திரும்பிவந்த புத்தகத்தை மூன்று நாள் தனியாக வைத்தன. அமெரிக்காவில் நூலகப் பொருட்களை மட்டுமே எடுத்துச் சோதித்த ரெல்ம் என்ற ஆய்வுத் திட்டம் சுவையான ஒன்றைக் கண்டது. புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால், தனித்தனியாக வைப்பதைவிடக் கிருமி அதிக நாள் தங்குகிறது. ஆறு நாளுக்குப் பிறகும் தென்பட்டது. ஆக, திரும்பிய புத்தகத்தைக் கட்டுக்கட்டாக மூட்டை கட்டி மூலையில் போடுவதைவிட, பெஞ்சில் பரப்பி வைப்பதே மேல்.

ஆனால் இதெல்லாம் ஆய்வகத்தில். தொட்டதால் மட்டும் நோய் வாங்குவது நடைமுறையில் மிக அரிது என்பது போகப்போகத் தெளிவானது. பரப்பைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது. நோய் பரவியது காற்றில், மூடிய அறையில், மூச்சில். அப்படியென்றால் நூலகத்தில் ஆபத்தானது புத்தகமில்லை, வாசிப்பறைதான். நாம் செய்தது நேர் தலைகீழ். அறையைத் திறந்தபோது கைக்குச் சானிடைசர், நெற்றிக்கு வெப்பமானி, மேசைக்குக் கிருமிநாசினி என்று எல்லாம் வைத்தோம். ஜன்னலை அடைத்து நின்ற அலமாரியை நகர்த்தியவர்கள் எத்தனை பேர்? வேப்ப மரத்தடியில் நான்கு பெஞ்சு போட்டு அங்கேயே பேப்பரை வைத்திருந்தால் அதைவிடப் பாதுகாப்பான வாசிப்பறை கிடையாது. டெல்டாவில் மரத்தடிக்கும் கோயில் மண்டபத்துக்கும் பஞ்சமா?

செப்டம்பரில் திறந்த பிறகும் 65 வயதைக் கடந்தவர்களும் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் பொது அறிவுரை. காலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவரும் சனி, ஞாயிறில் படக்கதை தேடி வருகிற பிள்ளையும் இதில் அடங்கிவிட்டார்கள். கதவு திறந்தும் பாதி வாசகருக்கு அது திறக்கவில்லை. அவர்களுக்கு எட்டக்கூடிய ஒரே வழி வீட்டுக்கு எடுத்துப்போவது. மேலவாசல் வண்டிதான், வேறென்ன.

இணையம் இருக்கிறதே என்று சொல்வார்கள். உண்மைதான், தமிழில் இணையத்தில் கிடைப்பது கொஞ்சநஞ்சமில்லை. 1998 முதல் மதுரைத் திட்டம் இலக்கியங்களை எழுத்தாக ஏற்றிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படப்பிரதியாகக் கிடைக்கின்றன. பள்ளிப் பாடநூல் முழுவதும் இலவசமாகத் தரவிறக்கலாம். இவை இருப்பதையே கிராமத்து வாசகர் அறியமாட்டார், யாராவது சொல்ல வேண்டும் என்பது ஒரு பக்கம். ஃபோன் திரையில் இருநூறு பக்கம் படிக்க அறுபது வயதுக் கண் ஒத்துழைக்காது என்பது இன்னொரு பக்கம். அமெரிக்காவில் பல நூலகங்கள் கட்டடத்தைப் பூட்டியபிறகும் வைஃபையை அணைக்காமல் விட்டன, வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்தார்கள். நம் கிளை நூலகத்தின் வெளித்திண்ணையில் அதே காரியம் நடக்கலாம், கார்கூட வேண்டாம். ஆனால் அதற்கு முதலில் ஊர்ப்புற நூலகத்தில் ஒரு நல்ல இணைப்பு இருக்க வேண்டும்.

அப்புறம் டெல்டாவுக்கே உரிய ஒரு சங்கடம். இங்கே பேரிடர் தனியாக வருவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னையோடு மின்கம்பத்தையும் செல்ஃபோன் கோபுரத்தையும் சாய்த்தது. 2020 நவம்பர் இறுதியில் நிவர், அடுத்த வாரமே புரெவி. இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளம் புகுந்த தெருக்காரர்களை முகாமில் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. தரைமட்டக் கட்டடத்தில் கீழ்த்தட்டில் வைத்த புத்தகம் நனைந்தால் டெல்டா ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை ஏறும். ஊரடங்கில் யாரும் திறக்காத நூலகத்தில் அதைக் கவனிக்கவே ஆள் இல்லை. பூட்டி வைத்தாலும் புத்தகத்துக்குக் காற்று வேண்டும், கரையானைப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வது? ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஆள். கூட்டுவதும் அவர், பதிவேடு எழுதுவதும் அவர், மாவட்ட அலுவலகத்துக்குக் கணக்கு கொண்டுபோவதும் அவர். அந்த நூலகர்களின் ஊதியப் போராட்டம் பல வருடக் கதை, பகுதி நேரப் பணியாளர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்டவரிடம், தொற்று பரவும் ஊரில் வீடுவீடாகப் புத்தகத்தோடு போ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? முகக்கவசமும் தடுப்பூசி முன்னுரிமையும் பெட்ரோல் காசும் இல்லாமல் கேட்கக்கூடாது. ஆசிரியரையும் வருவாய்த் துறை ஊழியரையும் கொரோனா பணிக்கு அரசு அனுப்பியபோது அதற்கு ஓர் உத்தரவு இருந்தது. நூலகரின் சொந்த வேலையைக் கொரோனா பணியாகக் கருதிய உத்தரவு இல்லை.

நூலகத் துறைக்கு வெளியே இன்னொரு வளமும் வீணாகக் கிடக்கிறது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று நூலகக் கட்டடம் எழுப்பினார்கள். பொறுப்பு ஊராட்சியிடம். அவற்றில் பல வெகு சீக்கிரம் பூட்டப்பட்டு, சாவி யாரிடம் என்பதே மறந்துபோனது. ஒவ்வொரு ஊராட்சியிலும் அரசுக்குச் சொந்தமான ஒரு சின்னக் கட்டடம், அலமாரியோடு, மெயின் ரோட்டிலேயே. தொற்றுக் காலத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் ஜன்னலாக, படிவ மேசையாக, மாத்திரை வைக்கும் இடமாக இதைவிடப் பொருத்தமானது எது?

கொரோனாவுக்குப் பிறகு சில நல்லது நடந்திருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், வீட்டுக்குப் பக்கத்திலேயே மாலையில் தன்னார்வலரை உட்காரவைத்தது. மேலவாசல் வண்டியின் தர்க்கம்தான் அது, நூலகத் துறைக்குப் பதில் பள்ளிக் கல்வித் திட்டம் கையில் எடுத்தது. அப்புறம் பொது நூலகத் துறையே நூலக நண்பர்கள் திட்டத்தைக் கொண்டுவந்தது. தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப்போய், வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், இல்லத்தரசிகள் போன்றவர்களுக்குக் கொடுத்து வாங்குவது. 2020 ஏப்ரலில் இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு. பரவாயில்லை, இப்போதாவது இருக்கிறதே.

ஆனால் அமைதிக் காலத்தில் ஓடும் திட்டம் அடுத்த ஊரடங்கில் தானாக ஓடாது. தன்னார்வலருக்கும் அன்று வெளியே வரத் தடை இருக்கும். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர்த் திட்டம் உண்டு, ஆட்சியர் தலைமையில் தயாராகும். எந்தப் பள்ளி முகாம், எந்தப் படகு எங்கே, யாருக்கு எந்த எண் என்று அதில் இருக்கும். கிளை நூலகரும் ஊர்ப்புற நூலகரும் அந்தப் பட்டியலில் பெயரோடு வர வேண்டும், அவர்களுடைய வண்டிக்கு அனுமதிச் சீட்டு முன்கூட்டியே இருக்க வேண்டும். வாசகர் வட்டத்தில் யார் வீடு எந்தத் தெரு, யாருக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் வேண்டும், யார் வீட்டில் பள்ளிப் பிள்ளை என்று ஒரு நோட்டு இருக்க வேண்டும். புரவலராகச் சேர ஆயிரம் ரூபாய் கட்டிய கடைக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இந்த நோட்டைப் போடுவதற்கு அவர்களே போதும், சென்னையிலிருந்து அரசாணை வரத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. மற்ற நாளில் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போனால், உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் கைபேசி எண் இப்போதும் நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் கொடுத்த எண்ணாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.